வெளிச்சவீட்டுச் சுவருக்குச் சீமெந்து வேண்டாம்

கேள்வி: கைவிடப்பட்ட பழைய வெளிச்சவீடு ஒன்றை எங்கள் கழகப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் திருத்துகிறார்கள். உதிர்ந்த சாந்துக்குப் பதிலாகப் போன வருடம் சீமெந்து வைத்தோம். இப்போது பக்கத்துக் கல்லே மாவாகக் கொட்டுகிறது. கலவை பிழையா? (வாசகர், கல்லடி)

பதில்: எந்த அளவில் கலந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். கடற்காற்றோடு வரும் உப்பு, ஈரத்தில் கரைந்து சுவருக்குள் போகிறது. பழைய சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரம் அதன் வழியாகவே வெளியேறும். உப்பு அங்கே படிகமாகிச் சாந்தை உதிர்க்கும், கல் தப்பிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் கல்லின் வழியே வருகிறது. உப்பும் கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது.

சீமெந்தைச் சுத்தியலாலும் சின்ன உளியாலும் எடுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பை வெட்டிவிடும். கல்லை உடைக்காமல் வராத துண்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கற்களுக்கிடையிலுள்ள இடுக்கை 25 மில்லிமீற்றர் ஆழம் வரை, அகலமான இடுக்கென்றால் அகலத்தின் இரு மடங்கு ஆழம் வரை, துப்புரவாக்குங்கள். பூத்திருக்கும் வெள்ளை உப்பைக் காய்ந்த தும்புப் பிரஷால் தட்டி, கீழே சாக்கு விரித்துச் சேர்த்து அகற்றுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

புதுச் சாந்துக்கு, நீற்றித் தண்ணீருக்கடியில் 3 மாதமாவது ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, அரித்த ஆற்றுமணல் 3 பங்கு. கடற்கரை மணலைக் கழுவித் தந்தாலும் வாங்காதீர்கள். முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பும் வேண்டாம், கடலோரத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டவிரோதம். சாந்து இறுக்கமாக இருந்தால் தண்ணீர் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும், இன்னும் அடித்துப் பிசைந்தால் தானாக இளகும். இடுக்கை முதலில் நனைத்து, ஆழமான இடத்தை இரண்டு தடவையாக நிரப்புங்கள்.

பருவத்தைப் பார்க்காமல் தொடங்கியே பலர் தோற்கிறார்கள். சுண்ணாம்பு இறுக, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு ஈரமும் வேண்டும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சில மணித்தியாலங்களிலேயே ஈரம் வற்றி, சாந்து விரலால் தேய்த்தாலே கொட்டும். மார்கழி மழை புதுச் சாந்தைக் கழுவிவிடும். கிழக்குக் கரையில் நமக்கு நல்ல காலம் மாசி, பங்குனிதான். அப்போதும் ஈரச் சாக்கைச் சுவரில் ஒட்டாமல் தொங்கவிட்டு, 7 நாள் காலையும் மாலையும் நனையுங்கள். வெள்ளையடிக்கவும் எமல்ஷன் வேண்டாம், பாலாகக் கரைத்த சுண்ணாம்பு 5 மெல்லிய பூச்சுப் போதும்.

கேள்வி: மேல் மாடக் கம்பிகளின் அடியில் கல் வெடித்திருக்கிறது. வெடிப்பை அடைத்தால் சரிவருமா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: அடைத்தால் திரும்ப வெடிக்கும். உள்ளே புதைந்த இரும்பு கறள் பிடிக்கும்போது பல மடங்கு பெருத்துக் கல்லை நெம்புகிறது. கம்பியைக் கல்லில் பிடிக்கும் கறள் பிடித்த முளையை எடுத்துவிட்டு, கடலுப்பைத் தாங்கும் 316 தரத் துருவேறா எஃகு முளை வையுங்கள். அது பழைய இரும்பைத் தொடும் இடத்தில் நைலோன் வாசர் போடுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் பழைய இரும்பு விரைவாக அரிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய வைத்துச் சுரண்டாமல், நனைத்து, முகமூடியோடு சுரண்டுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பு முகத்துவாரம் வெளிச்சவீடு போன்ற கட்டடத்தில் கைவைக்க அனுமதி வேண்டுமா? (வாசகர், பாலமீன்மடு)

பதில்: வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களே சட்டப்படி தானாகத் தொல்பொருளாகும். முகத்துவாரத்து வெளிச்சவீடு 1913 ஆம் ஆண்டுக் கட்டடம். ஆனாலும் உரிமையுள்ள திணைக்களத்தின் எழுத்து அனுமதியும், கடலோர வலயத்துக்குள் வருவதால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் பதிலும் கையில் இருக்கட்டும். அது ஏறத்தாழ 28 மீற்றர் உயரம். வெளிச்சுவரின் மேல்பகுதியைச் சாரம் கட்டத் தெரிந்த மேசன்மாருக்கு விடுங்கள். தொண்டர்களுக்கு உட்புறமும், கைக்கெட்டும் அடிச்சுவருமே வேலை.