2 ஏக்கர் வயலைச் சேதன முறைக்கு மாற்றினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி கேட்டவர், தாம் கொழும்பில் வேலை செய்வதாகவும், கிளிநொச்சியில் பெற்றோர் விட்டுச்சென்ற 2 ஏக்கர் வயல் இருப்பதாகவும், இரசாயனப் பசளையை அடியோடு நிறுத்திச் சேதன முறைக்கு மாற்றினால் ஒரு சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா என்றும் கேட்டிருக்கிறார். நானும் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள 3 ஏக்கருக்கு "வயற்காரன்" என்று சொல்லிக்கொள்பவன் என்பதால், இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் வயலை வேறொருவர்தான் குத்தகைக்குச் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உரக் கம்பனிகளின் ஆள் இல்லை. சேதனப் பயிர்ச்செய்கையில் எனக்கு நம்பிக்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையின் செலவை யார் கட்டினார் என்பதை எழுதாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும்.

எங்கள் வயலைச் செய்பவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஏக்கருக்கு 5 மூடை குத்தகை. நெல்லை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, ஒரு மூடை குத்தரிசியைப் பஸ்ஸில் ஏற்றி விடுவார். 2019இல் நான் அவரிடம் அரை ஏக்கரைக் கேட்டு வாங்கி, அதில் பச்சைப்பெருமாள் என்ற பாரம்பரிய நெல்லை விதைக்கச் சொன்னேன். யூரியா இல்லை, களைநாசினி இல்லை, மருந்தடிப்பும் இல்லை. மாட்டெருவும் கிளிசரியா மரத்தின் தழையும் போட்டோம், சூடடித்த வைக்கோலை எரிக்காமல் மண்ணிலேயே விட்டோம். மாமா மீதி நிலத்தில் வழக்கம்போல ஏ.ரி. 362 என்ற புதிய இனத்தை விதைத்து, விதைக்கும்போது அடிக்கட்டும் பயிர் வளரும்போது மேற்கட்டுமாகப் பசளை போட்டு, ஏக்கருக்கு 28 மூடை எடுத்தார். என் அரை ஏக்கரில் 7 மூடை வந்தது. அதாவது சரிபாதி.

பாதி விளைச்சல் என்றாலும் நான் தோற்றதாக நினைக்கவில்லை. அந்த அரிசியை அலுவலகத்தில் இரட்டை விலைக்கு விற்றேன். பெருமையாகத்தான் இருந்தது. செலவுக் கணக்கை மாமாதான் எடுத்துக் காட்டினார். எங்கள் பக்கத்தில் நாற்று நடுவதில்லை, எறிந்துதான் விதைக்கிறோம். வரிசை இல்லாத வயலில் களை பிடுங்கும் கருவியை உருட்ட முடியாது. கோரையும் கோழிச்சூடனும் பயிரோடு சேர்ந்து எழும்பியபோது, ஆறு பெண்கள் மூன்று நாள் குனிந்து நின்று கையால் பிடுங்கினார்கள், அதுவும் இரண்டு தடவை. கூடுதல் விலையில் பெரும்பகுதி அந்தக் கூலிக்கே போயிற்று. நகரத்து வாடிக்கையாளர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. "மருந்தில்லாத அரிசிதானே?" என்று மூன்று தடவை கேட்டு வாங்கியவர்களே, இரண்டு மாதத்தில் அதில் வண்டு விழுந்ததும் என்னைக் குறை சொன்னார்கள். மருந்தில்லாத அரிசியில் வண்டு வராமல் வேறு எதில் வரும்? சேதன உணவுக் கடை ஒன்று 100 கிலோவை எடுத்துவிட்டு நான்கு மாதம் கழித்துத்தான் பணம் தந்தது. அந்த நான்கு மாதத்தை நான் சம்பளத்தில் தாண்டினேன். அடுத்த போகத்துக்கு உழவுக்கூலி கொடுக்க வேண்டிய ஒருவரால் தாண்டியிருக்க முடியாது.

இனி 2021. சேதன விவசாயத்துக்கு 10 ஆண்டுகளில் மாறுவோம் என்று 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்ன ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம், 2021 மே 6ஆந் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியைத் தடை செய்தது. நான் வாய்விட்டு வரவேற்றேன். மாமா தொலைபேசியில், "தம்பி, நீ அரை ஏக்கரிலை செய்ததை இப்ப நாடு முழுக்கச் செய்யச் சொல்லுறாங்கள், எருவுக்கு எங்கை போறது?" என்று கேட்டபோது, மெல்ல மெல்லப் பழகிவிடும் என்று நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

அவர் கேட்டது வெறும் கணக்கு. 50 கிலோ யூரியா மூடையில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. ஆகவே ஒரு மூடை யூரியாவின் இடத்தை நிரப்ப ஏறத்தாழ இரண்டு தொன் கூட்டெரு வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூடை என்றால் நான்கு தொன். அதிலும் யூரியாவைப் போல அது சில நாட்களில் பயிருக்குக் கிடைப்பதில்லை. மண்ணில் உக்கி, ஒரு பகுதி இந்தப் போகத்திலும் மீதி பின்வரும் போகங்களிலுமாகத்தான் வெளிவரும். மட்டம் வெடித்துப் பக்கக் கிளை விடும் நாட்களிலும், கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்திலும் சத்துக் கேட்கிற பயிருக்கு அந்தத் தாமதம் புரியாது. என் அரை ஏக்கருக்கு எரு கிடைத்தது, சுற்றியிருந்த எவரும் அப்போது எருக் கேட்காததால்தான். முன்பு தாத்தாவின் காலத்தில் அறுவடை முடிந்த வயலில் மாட்டுப் பட்டியை இரவிரவாக அடைப்பார்களாம். 2009இல் வன்னியில் மாடுகளும் போயின. பிறகு உழவு இயந்திரம் வந்தது, பட்டி திரும்பி வரவில்லை. பழைய முறைக்குத் திரும்புவோம் என்று மேடையில் பேசியவர்கள் அந்தப் பழைய முறை எதன் முதுகில் நின்றது என்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

விதையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பச்சைப்பெருமாள் போன்ற உயரமான பாரம்பரிய இனங்கள் குறைந்த சத்திலும் ஓரளவு விளையும், கூடுதலாக யூரியா போட்டால்தான் சாய்ந்துவிடும். புதிய குட்டை இனங்களோ பசளைக்கு ஏற்றபடி விளைவதற்காகவே உருவாக்கப்பட்டவை. விதையை மாற்றாமல் பசளையை மட்டும் பறித்தால் என்ன ஆகும் என்பதை 2021/22 பெரும்போகத்தில் பார்த்தோம். எங்களுக்கு வந்த கூட்டெரு மூடைகளில் கல்லும் பொலித்தீன் துண்டுகளும் இருந்தன. இந்தியாவிலிருந்து வந்த நனோ நைதரசன் திரவத்தைத் தெளித்தும் பயிர் மஞ்சளாகவே நின்றது. நவம்பர் பிற்பகுதியில் தடை நீக்கப்பட்டது, ஆனால் மேற்கட்டுப் பசளை போடவேண்டிய நாட்களில் யூரியா ஊருக்கு வந்து சேரவில்லை. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. மாமாவுக்கு ஏக்கருக்கு 12 மூடை, அதிலும் சப்பி, அதாவது மணி பிடிக்காத நெல், அதிகம்.

அந்த ஆண்டும் மாமா 15 மூடைக் குத்தகைப் பணத்தை ஒரு சதமும் குறைக்காமல் வங்கியில் போட்டார். கொழும்பில் அரிசி விலை ஏறியிருந்த, எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. வேண்டாம் மாமா என்று நான் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டேன்.

சேதன முறையே பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தடிக்கும் கூலியாட்கள் முகமூடிகூட இல்லாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். நாசினிகளைக் குறைப்பதற்கு அந்தக் காட்சி ஒன்றே போதும். ஆனால் நாசினி வேறு, யூரியா வேறு. இரண்டையும் ஒரே "நஞ்சு" என்ற சொல்லுக்குள் போட்டு ஒரே நாளில் தடுத்ததால், நாசினியைப் பற்றி நியாயமாகப் பேசவேண்டியவர்களின் வாயும் அடைபட்டுப் போயிற்று. சிறுநீரக நோய்க்கு இந்த இரசாயனங்கள்தான் காரணம் என்று எழுத வருவோருக்கும் ஒன்று சொல்வேன்: வட மத்திய மாகாணத்தில் பரவிய அந்த நோயை மருத்துவர்கள் "காரணம் அறியப்படாத" என்ற அடைமொழியோடுதான் குறிப்பிடுகிறார்கள்.

உங்கள் 2 ஏக்கருக்கு வருகிறேன். முழுவதையும் ஒரே போகத்தில் மாற்றவேண்டாம். கால் ஏக்கரில், பாரம்பரிய விதையோடு, எருவும் தழையும் கையில் இருப்பதை உறுதி செய்துவிட்டுத் தொடங்குங்கள். மீதி நிலத்தில் வைக்கோலை எரிப்பதை நிறுத்துங்கள். பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது, அதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தால் வாங்கும் பசளையைக் குறைக்கலாம். ஏற்றுமதிக்கான சான்றிதழை நினைத்துச் செய்வதாக இருந்தால், ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாற்றுக் காலம் இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டும் விளைச்சல் குறையும், சேதன நெல்லுக்குரிய விலையும் கிடைக்காது. அந்த இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதை விதைப்புக்கு முன்பே வயல் செய்பவரோடு பேசித் தீருங்கள். மாற்றும் நிலத்துக்குக் குத்தகை வாங்கக்கூடாது, களை பிடுங்கும் கூலியை நீங்கள் அனுப்பவேண்டும் என்பது என் கருத்து. சம்பளம் வாங்குபவர் நீங்கள். இதற்குச் சம்மதமில்லை என்றால் அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே செய்ய விடுங்கள்.

இப்போது எங்கள் 3 ஏக்கரில் அரை ஏக்கர் மறுபடியும் பச்சைப்பெருமாள்தான். இம்முறை அதைக் கேட்டவர் மாமா, நான் அல்ல. அந்த அரை ஏக்கருக்குக் குத்தகை இல்லை. உங்கள் வயலைச் செய்பவர் யார், அவரிடம் மாடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதினால், எவ்வளவு நிலத்தில் தொடங்கலாம் என்று மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் அவர் தொலைபேசியை எடுப்பார்.