செல்லுக்குள் யாரும் சும்மா இருப்பதில்லை

சென்ற இதழில் நுண்ணோக்கியைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்லைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை செல்லோடு மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். செல்லின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பாகங்களைக் குறித்துவிடுவேன். ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. அந்தப் பாகங்களில் எதில் உயிர் இருக்கிறது?

பதில்: உன் வயதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்ததும்மா. கேட்கத்தான் தைரியம் வரவில்லை. நான் படித்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒரு செல்லைக்கூடப் பார்க்காமலே மூன்று வருடம் செல்லின் படம் வரைந்தேன். அந்தக் குறை மனதில் தங்கிவிட்டதால், பிற்பாடு நான் பாடம் நடத்திய ஆய்வகத்தில் ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பிலேயே மாணவர்களை இதைச் செய்யவைத்துவிடுவேன்.

சிவப்பு வெங்காயத்தின் சதைப்பற்றான ஓர் ஏட்டை எடுத்து, நிறம் இருக்கிற வெளிப்பக்கத்துத் தோலை நகத்தளவுக்கு உரித்துக்கொள். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் தோல், மேலே கவர் ஸ்லிப். நுண்ணோக்கியில் பார்த்தால் நீளநீளமான கட்டங்கள் அடுக்கியது போல இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைவரை ஊதா நிறம் ததும்பி நிற்கும். அந்த நிறம் செல்லின் நடுவே உள்ள பெரிய சாற்றுப் பையில், அதாவது உன் புத்தகம் வாக்குவோல் என்று சொல்கிற இடத்தில் இருக்கிறது.

இப்போது கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் நல்ல உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடு. எதிர் ஓரத்தில் பிளாட்டிங் பேப்பரின் நுனியை வைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இழுபடும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இரு. முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஏதாவது ஒரு கட்டத்தின் மூலையில் மட்டும் ஊதா நிறம் சுவரை விட்டு மெல்ல விலகும். அடுத்து இன்னொரு மூலை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஊதாப் பந்து ஒன்று சுருண்டு நிற்கும். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, உள்ளே இருந்த தண்ணீர்தான் வெளியேறிவிட்டது. சுருங்கிய பந்து இன்னும் அடர்ந்த நிறமாகத் தெரியும். உடனே உப்பை வடித்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டால் பந்து ஊதி மறுபடியும் மூலைவரை நிறைந்துவிடும்.

இதோடு நிறுத்திவிடாதே. இன்னொரு தோலைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, அதையும் வைத்துப் பார். சுவர் இருக்கும். தேடினால் உட்கருவும் இருக்கும். உன் படத்தில் குறிக்கிற பாகங்களின் பொருள் ஒன்றும் ஆவியாகிப் போய்விடவில்லை. ஆனால் ஊதா நிறம் கசிந்து வெளியே போயிருக்கும். உப்புத் தண்ணீர் விட்டாலும் எதுவும் சுருங்காது. ‘எது உள்ளே, எது வெளியே’ என்ற கணக்கைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லை.

அந்தக் கணக்கைப் பார்க்கும் இடம் செல் சவ்வு. இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளும் அவற்றில் பதிந்த புரதங்களும்தான் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. அதை வெறும் தடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. நம் உடலின் செல்களில் ஒவ்வொரு சவ்விலும் சோடியம்–பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் ஏராளமாக இருக்கிறது. அது மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு முறையும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்று செலவாகும். 1957இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பில் இதைக் கண்டறிந்தார். 40 ஆண்டுகள் கழித்து அதற்கு நோபல் பரிசு வந்தது. நீ அசையாமல் தூங்கும்போதும் உன் உடல் செலவழிக்கிற ஆற்றலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இந்த பம்புக்கே போகிறது. இத்தனை செலவு செய்து செல் வாங்குவது, வெளியே இருப்பதைப் போலத் தானும் ஆகிவிடாமல் இருப்பதைத்தான். உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட 30 மடங்கு, வெளியே சோடியம் உள்ளே இருப்பதைவிட 10 மடங்குக்கு மேல். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும்வரை அதை உயிருள்ளது என்கிறோம்.

அதனால் உட்கரு, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்று எந்தப் பாகத்தையும் சுட்டி ‘உயிர் இதில்தான் இருக்கிறது’ என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். பாகங்கள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் வேலை நிற்காமல் நடப்பதையே உயிர் என்பேன். உன் படத்தில் அந்த வேலையை வரைய முடியாது, அது படத்தின் குறை.

கேள்வி: செல் என்று பெயர் வைத்தது யார்? செல்போனில் வரும் செல்லும் இதுவும் ஒன்றா?

பதில்: 1665இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். தக்கையை மெலிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேனடை போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. சிற்றறைக்கு ஆங்கிலத்தில் இருந்த சொல்லையே வைத்துவிட்டார். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடி அறைகளாவது இருக்கும் என்று கணக்கும் போட்டார். செல்போன் விஷயத்தில், சேவைப் பரப்பைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் செல் என்றார்கள். சொல் ஒன்று, பிள்ளைகள் வேறு.

ஹூக் பார்த்தவை செத்துப்போன செல்களின் காலிச் சுவர்கள். அந்தக் காலி அறையின் பெயரே உயிருள்ளதற்கும் நிலைத்துவிட்டது. தமிழில் ‘உயிரணு’ என்கிறபோது பொருள் நெருங்கி வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால் செய்தித்தாளிலும் விளம்பரத்திலும் அந்தச் சொல்லை விந்தணுவுக்கே பயன்படுத்திப் பழக்கிவிட்டார்கள். அணு என்றதும் குழந்தைகள் வேதியியல் பக்கம் போய்விடுகிறார்கள். அதனால் இந்தப் பகுதியில் செல் என்றே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் தேர்வில் ‘எல்லாச் செல்களிலும் உட்கரு இருப்பதில்லை’ என்று எழுதியிருந்தாள். தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதாள். யார் சரி டீச்சர்?

பதில்: உங்கள் மகள்தான் சரி. அவளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். திருத்தியவரிடமும் காட்டலாம், சண்டைக்காக அல்ல, அடுத்த குழந்தைக்காக.

பாக்டீரியாவில் உட்கருவே கிடையாது. அதன் டிஎன்ஏ சவ்வு எதுவும் இல்லாமல் செல்லுக்குள் நேரடியாகக் கிடக்கும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு நம் உடலை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கணக்கு அவள் பக்கம்தான். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரத்தச் சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தால், நம் செல்களில் பெரும்பான்மை உட்கரு இல்லாதவைதான்!

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கு உட்கரு உண்டு. வெளியே கிளம்பும் முன் அதைத் தானே வெளியே தள்ளிவிடும். மைட்டோகாண்ட்ரியாவையும் புரதம் செய்யும் ரைபோசோமையும்கூட விட்டுவிடும். உள்ளே கிடைத்த இடத்தையெல்லாம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினால் நிரப்பிக்கொள்ளும். ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள தட்டு அது. தன்னைவிடக் குறுகலான நுண்குழாயில் மடிந்து நுழைந்து போகும், மறுபக்கம் வந்ததும் நிமிர்ந்துகொள்ளும். இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் தான் சுமக்கிற ஆக்ஸிஜனை ஆற்றலுக்காக எரிக்கவே அதற்கு வழியில்லை. குளுக்கோஸை ஆக்ஸிஜன் இல்லாமலே உடைத்துத் தன் பிழைப்பை ஓட்டிக்கொண்டு, சரக்கை முழுசாக மற்றவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நான் மேலே சொன்ன பம்பும் அதில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உட்கரு இல்லாததற்கு விலையும் உண்டு. புரதம் கெட்டால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. சுமார் 120 நாளில் சவ்வு விறைத்துப்போகும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் விழுங்கு செல்கள் அதை எடுத்துக்கொள்ளும். அந்த இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கு மேல் புதிய சிவப்பணுக்களை அனுப்புகிறது. தவளைக்கும் கோழிக்கும் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள். அடுத்த தேர்வில் யாராவது தலைகீழாகக் கேட்பார்கள்.

கேள்வி: யானைக்குப் பெரிய செல், எறும்புக்குச் சின்ன செல்லா? (இரண்டாம் வகுப்பு மாணவன், அப்பா எழுதிக்கொடுத்தது)

பதில்: இல்லை தம்பி. யானைக்கு நிறைய செல், எறும்புக்குக் கொஞ்சம் செல். ஒரு செல்லின் அளவு இரண்டுக்கும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஆக்ஸிஜன் போன்ற சிறு மூலக்கூறு தண்ணீரில் தானாகப் பரவி நூறில் ஒரு மில்லிமீட்டர் போக ஒரு நொடியில் சிறு பங்கு போதும். ஒரு சென்டிமீட்டர் போக அதற்கு அரை நாள்போல ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிவிடுகிறது. செல் சின்னதாகவே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: ஏழு வருடத்துக்கு ஒரு முறை உடம்பின் எல்லாச் செல்களும் மாறி, நாம் புது மனிதராகிவிடுகிறோம் என்று ஒரு வீடியோவில் கேட்டேன். உண்மையா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. குடலின் உள்தோல் செல்கள் நான்கைந்து நாளில் உதிர்ந்துவிடும். மேல்தோல் மாற ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. மூளைப் புறணியின் நரம்பு செல்களோ நம்மோடு பிறந்து நம்மோடு போகிறவை.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்–14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென்று கூடியது. அப்படிப்பட்ட சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் ஆண்டுக்காண்டு குறைந்தது. அந்தக் கார்பன் செடிக்குள் போய், உணவு வழியாக நமக்குள்ளும் வந்தது. ஒரு செல் பிறக்கும்போது செய்த டிஎன்ஏ அப்படியே தங்கிவிடுவதால், அதிலுள்ள கார்பன்–14ஐ அளந்தால் அந்தச் செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசன் குழு 2005இல் இப்படித்தான் செல்களுக்கு வயது பார்த்தது. இதயத் தசை செல்களையும் பிறகு பார்த்தார்கள். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் மாறுகிறது, வயதாக ஆக அதுவும் பாதியாகக் குறைகிறது.

சரி, நரம்பு செல் மாறுவதே இல்லை என்றால் அது பழசா? அப்படியும் சொல்ல முடியாது. டிஎன்ஏ பழசு. அதைச் சுற்றியுள்ள புரதங்களும் சவ்வின் கொழுப்பும் பல முறை பிரித்து மாட்டப்பட்டவை. கெட்டுப்போனதைச் செல் தானே உள்ளுக்குள் ஒரு சவ்வால் பொதிந்து லைசோசோம் என்ற செரிமானப் பைக்கு அனுப்பிக் கரைத்துவிடும். அந்த ஏற்பாட்டின் மரபணுக்களை ஈஸ்டில் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கேள்வி: உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்குகிறோம். மூச்சு நின்றால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. உடம்பில் இவ்வளவு கொழுப்பு சேமிப்பில் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: சேமிப்பு இருக்கிறது, கையில் ரொக்கம் இல்லை. செல்லின் ரொக்கம் ஏடிபி. ஒரு நாளில் நம் உடல் செய்து செலவழிக்கிற ஏடிபியைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். ஆனால் எந்த நேரத்திலும் உடலில் இருப்பது அதில் மிகச் சிறிய பங்கு. ஒரே மூலக்கூறு நாளுக்குப் பல நூறு முறை உடைந்து உடைந்து மறுபடி சேர்கிறது.

அதைச் சேர்க்கும் பட்டறை மைட்டோகாண்ட்ரியா. உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரான்கள் அதன் உள்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்போது, புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்தில் குவிகின்றன. குவிந்தவை திரும்பி வர ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் உள்ள நொதி, புரோட்டான் நுழைய நுழையச் சக்கரமாகச் சுழலும். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. சுழலும் என்பது உவமை இல்லை. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நொதியின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்து, ஏடிபி கொடுத்து எதிர்த்திசையில் ஓடவிட்டு, இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்த்தார்கள்.

கைமாறி வந்த எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது ஆக்ஸிஜன். அது வராவிட்டால் வரிசை மொத்தமும் அப்படியே நின்றுவிடும். கொழுப்பு எவ்வளவு இருந்தும் எரிக்க வழியில்லை. மூளைக்கு இரத்தம் நின்றால் பத்து நொடிபோலத்தான் நினைவு இருக்கும். இருக்கிற ஏடிபி தீர்ந்ததும் சோடியம் பம்ப் நிற்கிறது. வெளியே தள்ளிவைத்த சோடியம் உள்ளே கசிகிறது, பின்னாலேயே தண்ணீர் வருகிறது, செல் வீங்குகிறது. நான்கைந்து நிமிடத்தில் நரம்பு செல்கள் மீள முடியாத சேதத்துக்குப் போக ஆரம்பிக்கின்றன. மூச்சு நின்று இதயமும் நின்றவரின் மார்பை ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தச் சொல்வது இதற்காகத்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பின் நடுவில், இரண்டு அங்குலம் இறங்கும்படி.