மார்பில் கட்டி: வெட்டுவதற்கு முன் ஊசி
வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்கள் பதில்

இடது மார்பில் இரண்டு மாதமாகச் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை. 'வலித்தால்தான் பயப்பட வேண்டும்' என்கிறார் மாமியார். உள்ளூர் டாக்டரோ, 'மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்' என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா? வயது 36.
– வாசகி, திண்டுக்கல்

இப்போது எடுக்க வேண்டாம். அது என்ன கட்டி என்று தெரிந்த பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் வலி. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்குக்கு முன் இரண்டு மார்பிலும் வரும் வலியும் கனமும் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருபவை. வலி இல்லாததை நம்பி ஆறு மாதம், ஒரு வருடம் என்று கடத்திவிட்டு, கட்டி தோலைப் பற்றிய பிறகு வருகிறவர்கள் இன்னும் ஏராளம். அதேசமயம் உங்கள் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை நார்க்கட்டியோ நீர்க்கட்டியோதான். ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் எந்த டாக்டரும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

கைப் பரிசோதனை, ஸ்கேன், ஊசிப் பரிசோதனை மூன்றும் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். 40 வயதுக்குக் கீழே முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இளம் வயதில் மார்பின் திசு அடர்த்தியாக இருக்கும். மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே படத்தில் அந்தத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும்.

அடுத்து 'கோர் பயாப்ஸி' கேளுங்கள். மரத்துப்போக மருந்து செலுத்தி, ஸ்கேனில் பார்த்தபடியே, மெல்லிய நூல்துண்டு போன்ற நாலைந்து மாதிரிகளை எடுப்பார்கள். மெல்லிய ஊசியில் செல்களை மட்டும் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. சோதனையைவிட இதில் விவரம் அதிகம். புற்றுநோய் என்றால், எந்த மருந்து கேட்கும் என்பதைச் சொல்லும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 சோதனைகளையும் இந்தத் துண்டிலேயே செய்யலாம். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

பயாப்ஸி செய்யாமல் கட்டியைத் தோண்டி எடுப்பதைப் பற்றி வருத்தத்தோடும் கோபத்தோடும்தான் எழுதுகிறோம். அது புற்றுநோயாக இருந்தால், சுற்றிலும் நல்ல திசு சேர்த்து எடுத்திருக்க மாட்டார்கள். மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படும். முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பைக் காப்பாற்றும் வாய்ப்பும் கைநழுவும். சில இடங்களில் எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவதுகூட இல்லை. ஏற்கெனவே யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், பேத்தாலஜி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மாதந்தோறும் சுயபரிசோதனை செய்தே ஆக வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

ஷாங்காயில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களிடம் நடந்து, 2002-ல் வெளியான ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடம் இறப்பு குறையவில்லை. அதனால் இதை நாங்கள் கட்டாயமாக்குவதில்லை. ஆனால் உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் புதிய மாற்றம் கண்ணில் படும்.

பார்ப்பதானால் மாதவிலக்கு முடிந்த மூன்று முதல் ஐந்து நாளில் பாருங்கள். மல்லாந்து படுத்து, தோளுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் மடக்குங்கள். மறு கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், காரை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை மேலும் கீழுமாக, அக்குளையும் விடாமல் தடவுங்கள். ஒவ்வொரு இடத்திலும் லேசாக, நடுத்தரமாக, விலா எலும்பு தட்டும்படி அழுத்தமாக என மூன்று முறை அழுத்த வேண்டும். இரு விரலால் கிள்ளிப் பிடித்தால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். வீண் பயம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, ஒரு பக்கக் காம்பில் தானாகவே கசியும் இரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

மேமோகிராம் எந்த வயதில்? தோழியின் ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 0' என்று வந்ததால் நிம்மதியாக இருக்கிறார்.
– வாசகி, மதுரை

பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தைப் பார்த்து டாக்டர் தரும் வகை எண். அதில் பூஜ்யம் என்றால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று பொருள். அவரை இந்த வாரமே போகச் சொல்லுங்கள். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 100-க்கு 2-க்குள். ஆறு மாதத்தில் மறுபடி படம். 4, 5 என்றால் பயாப்ஸி.

50 வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது நல்லது. 40-களில் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள். போகும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட் வேண்டாம். அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து குழப்பும். பழைய படங்களையும் எடுத்துப் போங்கள்.

மேமோகிராம் வசதி இல்லாத ஊரில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் கைப் பரிசோதனையும் பயனுள்ளதே. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டு நடத்திய ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் பரிசோதித்ததில் 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

அப்பாவின் தங்கைக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அம்மா வழி இல்லையே, எனக்குக் கவலை இல்லைதானே?
– வாசகி, சேலம்

அப்பா வழியும் அம்மா வழிக்குச் சமம்தான். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிறழ்வு அத்தைக்கு இருந்தால், அது உங்கள் அப்பாவுக்கும் இருக்கக்கூடும். அவருக்கு இருந்தால் உங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறழ்வு உள்ள பெண்களில் 100-க்கு 60 பேருக்கு மேல் வாழ்நாளில் இந்நோய் வருகிறது. எனவே முதல் சோதனை அத்தைக்குத்தான். அவரிடம் பிறழ்வு கண்டால் அப்பாவுக்கும் உங்களுக்கும் அதே பிறழ்வைத் தேடினால் போதும்.

ஆபத்தைக் குறைக்க என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும் மொத்தக் காலத்தில் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எடையைக் கவனியுங்கள். அப்போது ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் உடல் கொழுப்பில்தான் உருவாகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போதும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. மாதவிலக்கு நின்ற பின் இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரையைச் சொந்தமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் தொடராதீர்கள். பிரா, டியோடரன்ட் பற்றிய வாட்ஸ்அப் எச்சரிக்கைகளை அழித்துவிடலாம்.

என் கணவருக்கு ஒரு பக்கக் காம்புக்குக் கீழே கெட்டியாக ஏதோ இருக்கிறது. ஆண்களுக்கும் வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

வரும். நோயாளிகளில் ஏறக்குறைய 100-க்கு ஒருவர் ஆண். ஹார்மோன் மாற்றத்தாலோ சில மாத்திரைகளாலோ வரும் சாதாரண வீக்கமாகவும் இருக்கலாம். சோதனைகள் பெண்களுக்குச் செய்பவையேதான். புற்றுநோய் என்று உறுதியானால் அவருக்கு மரபணுச் சோதனையும் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு அது தேவைப்படும்.