புதிய ரவுட்டரும் இரண்டு பழைய கணினிகளும்

கேள்வி: அலுவலக ரவுட்டரை அண்மையில் மாற்றினோம். புதிய மடிக்கணினிகள் எல்லாம் உடனே இணைந்துவிட்டன. விண்டோஸ் 7 இயங்கும் பழைய ஒர்க்ஸ்டேஷன்கள் இரண்டில் மட்டும் தொல்லை. கேபிளில் இணைந்துள்ள முதலாவதில் இணையப் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் ஆமை வேகம். வைஃபையை நம்பியிருக்கும் இரண்டாவதில் ரவுட்டரின் பெயரே பட்டியலில் வருவதில்லை. இவற்றைக் கழித்துவிட வேண்டியதுதானா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரே நாளில் தொடங்கியதால் ஒரே கோளாறு போலத் தோன்றினாலும், இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள்.

முதலில் கேபிள் கணினி. சிறிய வேலைகள் நடந்து பெரிய கோப்பு மட்டும் திணறினால், நான் முதலில் சந்தேகிப்பது டூப்ளெக்ஸ் முரண்பாட்டை; அதாவது, ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் ஃபுல் டூப்ளெக்ஸிலும், மறுமுனை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யும் ஹாஃப் டூப்ளெக்ஸிலும் இருப்பது. முன்பு பலர் நெட்வொர்க் கார்டின் வேகத்தை ‘100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று கையால் நிலைநிறுத்தி வைப்பது வழக்கம். அக்காலத்துக் கருவிகளை வைத்துப் பார்த்தால் அது தவறான பழக்கமும் அல்ல. ஆனால் அப்படி நிலைநிறுத்தப்பட்ட கார்டு பெரும்பாலும் தன் திறனை எதிர்முனைக்கு அறிவிப்பதை நிறுத்திவிடுகிறது. வரும் சமிக்ஞையிலிருந்து வேகத்தை மட்டுமே ரவுட்டரால் கண்டறிய முடியும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால், ஈத்தர்நெட் விதிப்படி அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிறகு கணினி ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்ய, ரவுட்டரோ அதை மோதல் என்று கருதித் தரவைக் கைவிடுகிறது. பிங் செய்து, அதாவது சிறு சோதனைத் தகவலை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால், எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் இந்தக் கோளாறு பலரை ஏமாற்றியிருக்கிறது.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பண்புகளைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் ‘ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்’ என்பதை ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ (இரு முனைகளும் தாமே பேசி முடிவு செய்யும் முறை) ஆக்குங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கு கம்பிகள் போதும். கிகாபிட் இணைப்புக்கோ எட்டும் வேண்டும். பழைய ரவுட்டரில் குறையின்றி ஓடிய கேபிள், உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால், கிகாபிட் ரவுட்டரில் விளக்கு எரிந்தும் அணைந்தும் தடுமாறக்கூடும்.

அடுத்தது வைஃபை. பெயரே தெரியவில்லை என்பதால் கடவுச்சொல்லையோ ஐபி முகவரியையோ ஆராய்வதில் பயனில்லை. கார்டு பி, ஜி, என் எனும் பழைய வைஃபை வகைகளை மட்டும் ஆதரிப்பதாக இருந்தால், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தவிர வேறெதையும் அது காணாது. ஆகவே ரவுட்டரில் அந்த அலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள். அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளில் 12, 13ஆம் சேனல்களைச் சில கார்டுகள் பொருட்படுத்துவதில்லை. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வைப்பது நல்லது. இவை சரியாக இருந்தும் பெயர் வரவில்லையெனில், வைஃபை 6 எனும் புதிய முறையை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் அணைத்துப் பாருங்கள். பழைய டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்கள்) சில, புதிய முறையின் அறிவிப்பைப் புரிந்துகொள்ள முடியாமல் அந்த நெட்வொர்க்கையே பட்டியலிலிருந்து விட்டுவிடும். டிரைவரைப் புதுப்பித்தாலே தீரக்கூடிய குறை அது.

பெயர் தெரிந்த பின்னும் இணைய மறுத்தால் பாதுகாப்பு முறைதான் காரணமாக இருக்கும். விண்டோஸ் 7 டபிள்யூபிஏ3 எனும் புதிய வைஃபை பாதுகாப்பு முறையை அறியாது. அதற்காக அலுவலகம் முழுவதற்கும் பாதுகாப்பைக் குறைத்துவிடாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் தனிப் பெயரில் ஒரு நெட்வொர்க் அமைத்து, அதற்கு மட்டும் முந்தைய முறையான டபிள்யூபிஏ2ஐ ஏஇஎஸ் குறியாக்கத்துடன் தேர்ந்து, மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பை (இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளுக்கான காப்பு) கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என மாற்றுங்கள். டிகேஐபி, டபிள்யூஇபி ஆகிய பழைய பாதுகாப்பு முறைகளின் பக்கம் போகவே வேண்டாம். அவை பாதுகாப்பற்றவை, வேகத்தையும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போக விடாதவை. விருந்தினர் நெட்வொர்க்கை இதற்குப் பயன்படுத்த நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பல ரவுட்டர்களில் அது உள் பிரிண்டரையும் பகிர்ந்த கோப்புகளையும் அணுக விடாது.

விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட) 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டதால், இணையம் தேவைப்படாத வேலையாக இருந்தால் இக்கணினிகளுக்கு வெளி இணைப்பை ரவுட்டரிலேயே தடுத்துவிடலாம். வைஃபையில் இவ்வளவு செய்தும் பயனில்லையெனில் அந்தக் கணினிக்கும் ஒரு கேபிளை இழுத்துவிடுங்கள்; இடம் மாறாத கணினிக்கு என் முதல் தேர்வு எப்போதும் அதுவே.