குடியைக் குறைக்கச் சோற்றில் தூள் கலக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46, மேசன் வேலை. 12 வருடமாக நாளுக்கு அரைப் போத்தல் சாராயம் குடிக்கிறார். சென்ற மாதம் தானாகவே விட்டுப் பார்த்தார். இரண்டாம் நாளே கை நடுங்கி, வியர்த்து, நித்திரையின்றித் தவித்ததால் மீண்டும் தொடங்கிவிட்டார். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலப்பதற்கு ஒரு தூள் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கலக்கலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: கலக்க வேண்டாம். அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் விற்பவருக்கே தெரியாது. அது டைசல்பிராம் குளிசையை இடித்த தூளாக இருந்தால், அதன்மேல் சாராயம் குடிப்பவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்து வரலாம். டைசல்பிராம் நல்ல மருந்துதான். ஆனால் குடிப்பவர் அறிந்து, சம்மதித்து, குடியை நிறுத்திய பிறகு வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டியது. இத்தூளை விற்பவர்களும், மூன்று நாளில் மாற்றித் தருவதாகச் சொல்லி முற்பணம் வாங்கும் 'மறுவாழ்வு' தரகர்களும் உங்கள் கண்ணீரை வைத்துப் பிழைப்பவர்கள்.

அரைப் போத்தல் என்பது 375 மில்லிலீற்றர். அதில் ஏறத்தாழ 100 கிராம் மதுசாரம் இருக்கிறது. இத்தனை வருடம் அதற்குப் பழகிய மூளை, திடீரென நிறுத்தினால் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுகிறது. நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாத பூச்சிகளைக் கண்டு பிதற்றும் நிலையும் வரலாம். ஆகவே நேர்த்திக்கடன் வைத்து ஒரேயடியாக விடச் சொல்லாதீர்கள். வைத்தியரிடம் போகும்வரை அவர் வழமையான அளவையே குடிக்கட்டும். குறைக்கலாம் என வைத்தியர் சொன்னால், பாணி மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தால் அளந்து, நான்கு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அதாவது முதலில் 40 மில்லிலீற்றர் அளவில் குறைக்கலாம். நடுக்கம் திரும்பினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். முந்தைய அளவிலேயே ஒரு கிழமை நிற்கட்டும்.

ஆனால், முன்பு ஒரு தடவையாவது வலிப்பு வந்தவருக்கு இந்த வீட்டுக் கணக்கு பொருந்தாது. சிறுவயதில் காய்ச்சலோடு வந்த வலிப்பைச் சொல்லவில்லை. குடியை விட்டபோது வந்ததைச் சொல்கிறேன். அது ஒரு நிமிடத்தில் அடங்கியிருந்தாலும், வீட்டார் அதை மயக்கம் என்று நினைத்திருந்தாலும், அவரை வைத்தியசாலை விடுதியில் சேர்த்தே குடியை நிறுத்த வேண்டும்.

அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கேட்பதில்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உளநலப் பிரிவைக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926இற்கு அழையுங்கள். குளுக்கோஸ் சேலைன் ஏற்ற முன்னர் தயமின், அதாவது விற்றமின் பி1 ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள். நெடுங்காலம் குடித்தவரின் மூளையைக் காப்பது அதுதான். நடுக்கம் அடங்கியதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் விடுதிகளைக் கண்டிருக்கிறேன். நான் பார்த்த ஒருவர் வெள்ளிக்கிழமை கிளினிக் திகதி ஏதுமின்றி வீடு போய், திங்கட்கிழமை வலிப்போடு திரும்பி வந்தார். மதுச்சாலைக்கு அனுமதிப்பத்திரம் எழுத ஆளிருக்கிற நாட்டில், ஒரு திகதி எழுத ஆளில்லை. அதனால் திகதியைக் கையில் வாங்காமல் விடுதியை விட்டு வராதீர்கள்.

தூளை ஏற்கெனவே கலந்துவிட்டீர்களென்றால், அதை மறைக்காமல் அந்தப் பொதியையும் வைத்தியரிடம் கொண்டு போங்கள். ஏசுவார், ஏசட்டும்.