முழங்கால் ஜவ்வும் தோள் ஜவ்வும் ஒன்றா?

கேள்வி: எனக்கு 29 வயது. வார இறுதிகளில் கால்பந்து விளையாடுவேன். 3 மாதங்களுக்கு முன் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பியபோது வலது முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டது. அன்று மாலைக்குள் நன்றாக வீங்கிவிட்டது. இப்போது வீக்கம் வற்றிவிட்டது, நடக்கிறேன். ஆனால் படி இறங்கும்போதும் திரும்பும்போதும் கால் நழுவுகிறது. எம்.ஆர்.ஐ.யில் ஏசிஎல் முழுவதும் கிழிந்திருக்கிறது, மெனிஸ்கஸிலும் கிழிசல் இருக்கிறது என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை என்கிறார். இன்னொருவர் பயிற்சியே போதும் என்கிறார். 61 வயதாகும் என் அம்மாவுக்கும் தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்திருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. அவர் எங்கும் விழவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டுவிடலாமா?

பதில்: உங்கள் குழப்பத்தில் பாதிக்கு 'ஜவ்வு' என்ற சொல்தான் காரணம். எலும்பையும் எலும்பையும் இணைக்கும் லிகமென்ட், மூட்டுக்குள் மெத்தை போலக் கிடக்கும் மெனிஸ்கஸ், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் என மூன்றையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம். நோயாளிகளிடம் நானும் அப்படித்தான் பேசுகிறேன். உங்கள் முழங்காலில் கிழிந்திருப்பவை முதல் இரண்டும். அம்மாவின் தோளில் மூன்றாவது. ஒவ்வொன்றும் ஆறும் விதம் வேறு.

முதலில் ஏசிஎல், அதாவது முழங்காலுக்குள் இருக்கும் ஒரு லிகமென்ட். தொடை எலும்புக்கு அடியிலிருந்து கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துவைப்பது இதன் வேலை. நேராக நடக்க இது அதிகம் தேவைப்படாது, தொடைத் தசைகளே சமாளித்துவிடும். அதனால்தான் உங்களால் நடக்க முடிகிறது, திரும்பினால் மட்டும் கால் ஏமாற்றுகிறது. வேறு இடத்தில் காயம் பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவு பாலம் போல நின்று இரு முனைகளையும் சேர்க்கும். ஏசிஎல் இருப்பது மூட்டு திரவத்துக்கு நடுவில். அங்கே உறைவு நிலைப்பதில்லை. முழுதாக அறுந்தது தானாக உறுதியாய் ஒட்டிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே பெரும்பாலும் அறுந்ததைத் தைப்பதில்லை, புதிதாக ஒன்றை உருவாக்குகிறோம். தொடையின் பின்புறத் தசைநாணையோ, முழங்கால் சில்லுக்குக் கீழேயோ மேலேயோ உள்ள தசைநாணிலிருந்து ஒரு பட்டையையோ எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு, அதன் வழியே செலுத்திப் பொருத்துவோம். எல்லாம் சிறு துளைகள் வழியாக, கேமராவில் பார்த்தபடியே நடக்கும். எந்தப் பட்டையை எடுத்தாலும் அந்த இடம் கொஞ்சம் இழக்கத்தான் செய்யும். சில்லுக்குக் கீழே எடுத்தால் மண்டியிடும்போது வலிக்கலாம். பின்தொடையில் எடுத்தால் காலை நன்றாக மடக்கும் வலு சற்றுக் குறையலாம். மண்டியிட்டுச் செய்யும் வேலை உங்களுக்கு உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி, இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஏசிஎல் அறுந்த 121 இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். மற்ற 59 பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை சிகிச்சை. 2 ஆண்டு கழித்துப் பார்த்தால் வலியிலும் இயக்கத்திலும் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் அந்த 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை சிகிச்சைக்கு வந்திருந்தார்கள். 5 ஆண்டில் அந்த 59 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். பயிற்சியில் தொடங்குவது தவறில்லை, எல்லோருக்கும் அது போதாது, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் என் மனம் அறுவை சிகிச்சைப் பக்கமே சாய்கிறது. கிழிசல் 'முழுவதும்' என்று அறிக்கையில் இருப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 3 மாதம் ஆன பிறகும் வெறும் படியிலேயே கால் நழுவுகிறது, அதுதான் காரணம். நழுவும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. இன்று தைக்கக்கூடிய கிழிசல் நாளை தைக்க முடியாததாகிவிடலாம். ஆனால் ஒரு கேள்வி: இந்த 3 மாதத்தில் பிசியோதெரபி செய்தீர்களா? 'நடக்கிறேன்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். நடப்பது பயிற்சியாகாது. அறுவை சிகிச்சைக்கே போவதானாலும், வீக்கம் முழுதாக வற்றி, கால் முழுதாக நீண்டு, முன்தொடைத் தசைக்கு வலு வந்த பிறகு போவதே நல்லது. விறைத்த முழங்காலோடு மேசையில் படுப்பவர் பெரும்பாலும் விறைத்த முழங்காலோடுதான் எழுந்து போகிறார்.

மெனிஸ்கஸைப் பற்றி அறுவை சிகிச்சை நிபுணரிடம் கட்டாயம் கேளுங்கள்: "தைப்பீர்களா, வெட்டி எடுப்பீர்களா?" அதன் வெளி ஓரத்தில் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே தைத்தால் ஒட்டும். உள் ஓரத்தில் ரத்த ஓட்டம் இல்லை. வெட்டி எடுப்பது எளிது, சீக்கிரம் நடக்கலாம், ஆனால் எடுத்த அளவுக்கு மூட்டுத் தேய்மானம் முந்திக்கொண்டு வரும். தைக்க முடியுமானால் தைப்பதே மேல். ஏசிஎல்லையும் கூடவே சரிசெய்தால் தையலும் நன்றாகப் பிடிக்கிறது. இடையில் என்றாவது கால் மடங்கிய நிலையில் பூட்டு விழுந்ததுபோல் சிக்கி நீட்டவே முடியாமல் போனால், கிழிந்த துண்டு மடிந்து நடுவில் மாட்டியிருக்கக்கூடும். வலிந்து நீட்டப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். பொருத்திய பட்டைக்கு முதலில் உயிரோட்டம் இல்லை. புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்து அதை லிகமென்டாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும். முதல் சில மாதங்களில் அது பொருத்திய நாளில் இருந்ததைவிட வலு குறைந்துதான் இருக்கும். நோயாளிக்கோ 3-ஆம் மாதத்திலேயே வலி போய்விடுகிறது, மைதானம் கூப்பிடுகிறது. 9 மாதம் ஆகி, அடிபட்ட காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்டும்வரை கால்பந்து வேண்டாம். மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் முதல் 6 வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்க விடமாட்டார்கள். குந்தி உட்கார இன்னும் சில மாதங்கள் ஆகும்.

இனி அம்மா. தோள் மூட்டில் மேல்கை எலும்பின் பந்துமுனையை நான்கு தசைகளின் நாண்கள் தொப்பி போல மூடியிருக்கின்றன. பழைய துணி மடிப்பில் நைந்துபோவதுபோல வயதாக ஆக அதுவும் நைகிறது. 60 வயதைக் கடந்தவர்களில், தோள் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் கிழிசல் தெரியும். அடிபடாமல் வந்த இப்படிப்பட்ட கிழிசலுக்கு முதல் சிகிச்சை பிசியோதெரபி. 3 மாதமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். வலி தூங்கவிடாவிட்டால் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம். அடிக்கடி போட்டால் தசைநாண் இன்னும் பலவீனமாகும். சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும், கவனித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். அம்மா தானாகக் கையைத் தூக்க முடியாமல், நீங்கள் பிடித்துத் தூக்கினால் மேலே வருகிறது என்றால் தசைநாணில் பலவீனம் இருக்கலாம். நீங்கள் தூக்கினாலும் பாதியில் நின்றுவிட்டால் தோள் இறுகியிருக்கிறது, அப்போது அறிக்கையில் உள்ள கிழிசல் வலிக்குக் காரணமாக இல்லாமலே இருக்கலாம். அவர் என்றாவது விழுந்து, மறுநாளே கை தூக்க முடியாமல் போனால் கதை வேறு. அறுந்த நாண் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், தசை மெல்லக் கொழுப்பாக மாறும். சில வாரங்களுக்குள் நிபுணரிடம் காட்டிவிட வேண்டும்.

ஒரே சமயத்தில் இருவருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தோளைத் தைத்தால் 4 முதல் 6 வாரம் கை தூக்குப்பையில் கிடக்கும். நீங்களோ ஊன்றுகோலில் நடப்பீர்கள். யார் யாரைப் பார்த்துக்கொள்வது? இப்போதைக்கு நீங்கள் நல்ல முழங்கால் நிபுணரைப் பாருங்கள், அம்மா பிசியோதெரபியைத் தொடங்கட்டும். போகும்போது அறிக்கைத் தாளோடு ஸ்கேன் படங்களையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.