பயத்தின் அளவு

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிறுவயதில் உங்கள் பாட்டி சொன்ன முனிக் கதைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதை வாசித்த பிறகு நீண்ட நாட்களாக மனத்தில் இருந்த ஒன்றை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

என் கணவரும் அவருடைய தம்பி குடும்பமும் பேய்ப்படம் வந்தால் முதல் வாரமே பார்த்துவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. இரண்டு வருடங்களுக்கு முன் எல்லோரும் வற்புறுத்தியதால் வீட்டில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். அதன்பின் ஒன்றரை மாதம் இரவில் கொல்லைப்புறத்துக் கழிவறைக்குத் தனியாகப் போக முடியவில்லை. கணவருக்கு நூற்பாலையில் இரவு ஷிப்ட். மகளை எழுப்பித் துணைக்கு அழைத்துப் போவேன். இன்றுவரை அதைச் சொல்லி வீட்டில் சிரிக்கிறார்கள். இப்போது பன்னிரண்டு வயதாகும் என் மகளும் அந்தப் படங்களை விரும்பிக் கேட்கிறாள். பயத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்குவது எதற்காக? எனக்கு மட்டும் ஏன் அது முடியவில்லை? நான் கோழையா? மகளைப் பார்க்க விடலாமா?

ஒரு வாசகி,
ஈரோடு மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் என் மனத்தில் தைத்த சொல் ‘கோழை’ என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல, அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

மின்சாரம் போன இரவுகளில் பாட்டி வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து கதை சொல்வாள். கதை பனங்காட்டை நெருங்கும்போது தரையில் அமர்ந்திருக்கும் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து கட்டிலில் ஏறிக்கொள்வோம். ஏறிய பிறகும் கால்களைத் தொங்கவிட மாட்டோம். கட்டிலுக்கு அடியில் இருக்கும் இருட்டு காலைப் பிடித்துவிடும் என்ற எண்ணத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆனாலும் “போதும், நிறுத்து” என்று யாரும் சொன்னதில்லை. என் சித்தி மகள் மட்டும் பாதியிலேயே உள்ளே போய்விடுவாள். மறுநாள் காலையில், பாட்டி சாணம் தெளிக்கும்போது பக்கத்தில் போய் நின்று, “அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா?” என்று கேட்பாள். நாங்கள் இரவெல்லாம் முனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ முனியிடம் அகப்பட்ட பெண்ணோடு நடந்துபோயிருக்கிறாள். இன்று அவள் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். விபத்தில் சிதைந்து வரும் உடல்களை நடுக்கமில்லாமல் கையாள்கிறாள். பேய்ப்படம் மட்டும் இன்றும் அவளால் பார்க்க முடியாது. துணிச்சலுக்கும் பேய்ப்பட ரசனைக்கும் தொடர்பில்லை என்பதை முதலில் எனக்குக் காட்டியவள் அவள்தான்.

பயத்தைக் காசு கொடுத்து வாங்குவது ஏன் என்ற உங்கள் முதல் கேள்விக்கு நம் சமையலறையிலேயே ஒரு விடை இருக்கிறது. மிளகாயில் உள்ள காப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் நரம்பு வாயில்களைத் திறந்துவிடுகிறது. வாய் வேகிறது என்றே உடல் நம்புகிறது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிகிறது, நெற்றி வியர்க்கிறது. ஆனால் எதுவும் வேகவில்லை என்பது மனத்துக்குத் தெரியும். உடல் ஏமாந்திருக்கிறது, தான் ஏமாறவில்லை என்று மனம் அறிந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் காரத்தின் இன்பம் பிறக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் விளக்கினார். பேய்ப்படமும் அப்படித்தான் வேலை செய்கிறது. திரையில் கதவு படாரென்று திறக்கும்போது உடல் நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டு துள்ளுவதில்லை. அட்ரினலின் சுரந்து, இதயம் அடித்து, உள்ளங்கை வியர்த்த பிறகுதான் ‘இது படம்’ என்ற அறிவு வந்து சேர்கிறது. ஆபத்து விலகிய பிறகும் உடலின் கிளர்ச்சி உடனே அடங்கிவிடாது. அந்த மிச்சக் கிளர்ச்சி, அடுத்து வரும் நிம்மதியையும் சிரிப்பையும் வழக்கத்தைவிடப் பெரிதாக்கிவிடுகிறது என்பது ஊடக உளவியலாளர் டால்ஃப் ஜில்மனின் கொள்கை. பேய்ப்படம் விட்டு வெளியே வருபவர்கள் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிச் சிரிப்பதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும்.

ஆனால் காரத்தைப் போலவே இதிலும் ஆளுக்கு ஓர் அளவு உண்டு. டென்மார்க்கின் வைலே நகரில், பழைய தொழிற்சாலை ஒன்றில், கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களைப் பயமுறுத்தும் பேய் வீடு ஒன்று நடத்தப்பட்டது. நம் ஊர்ப் பொருட்காட்சியில் இருக்கும் பேய் வீட்டைப் பல மடங்கு விரிவாக்கியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே வந்த 110 பேருக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி உள்ளே அனுப்பினார்கள்; அவர்கள் அலறும் கணங்களைக் கேமராவில் பதிவு செய்தார்கள்; வெளியே வந்ததும் எவ்வளவு பயந்தீர்கள், எவ்வளவு ரசித்தீர்கள் என்று கேட்டார்கள். 2020இல் வெளியான அந்த முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. பயம் கூடக்கூட இன்பமும் ஓர் இடம்வரை கூடுகிறது. அந்த இடத்தைத் தாண்டியதும் இன்பம் சரியத் தொடங்குகிறது. இதயத்துடிப்பின் கணக்கும் அதையே சொன்னது. இயல்பான துடிப்பிலிருந்து சற்றே விலகியவர்கள் அதிகம் ரசித்தார்கள். விலகாதவர்களும் மிகவும் விலகியவர்களும் குறைவாகவே ரசித்தார்கள். ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும்போது நாம் இதைத்தான் செய்கிறோம். மெதுவாக ஆட்டினால் “வேகமா” என்கிறது, ஒரு வீச்சு கூடிவிட்டால் அழுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மிகச் சிறிய தூரம், அதுவும் குழந்தைக்குக் குழந்தை மாறுவது.

அதே குழுவினரின் இன்னோர் ஆய்வில், பேய் வீட்டுக்கு வந்த 280 பேரிடம் ‘முடிந்தவரை பயப்படப் போகிறேன்’ அல்லது ‘முடிந்தவரை பயத்தை அடக்கப் போகிறேன்’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். முதல் வகையினர் கண்ணை விரித்து, கூச்சலிட்டு, தங்களைப் பயத்துக்கு ஒப்புக்கொடுத்தார்கள். இரண்டாம் வகையினர் வேறுபக்கம் பார்த்து, ‘இது நடிப்பு’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். இறுதியில் இரு தரப்பினரும் ஒரே அளவு மனநிறைவோடு வெளியே வந்தார்கள். உங்கள் கணவர் சோபாவில் சாய்ந்துகொண்டு கேலி பேசியபடியே படம் பார்ப்பவர் என்றால், அவரும் பயத்தை அடக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவருக்குப் பயமே வருவதில்லை என்றால் அவர் முதல் வாரமே படம் பார்க்க ஓடியிருக்க மாட்டார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட இரண்டு செய்திகளை நான் மறுபடி மறுபடி வாசித்தேன்: கணவருக்கு இரவு ஷிப்ட், கழிவறை கொல்லைப்புறத்தில். படம் முடிந்ததும் உங்கள் கணவர் எங்கே போகிறார்? விளக்குகள் எரியும், இயந்திரங்கள் ஓடும், நூறு பேர் நடமாடும் ஆலைக்கு. திரையில் பார்த்தது அங்கே ஒட்டிக்கொள்ள ஓர் இருண்ட மூலைகூட இல்லை. நீங்களோ அந்தப் படத்தைப் பார்த்த அதே வீட்டிலேயே, ஒரு குழந்தையோடு, இரவில் தங்குகிறீர்கள். ஆபத்தும் வலியும் மிக நெருங்கி வந்தால் அவற்றில் இன்பம் இல்லை, சற்றுத் தொலைவில் இருந்தால் மட்டுமே இன்பம் உண்டு என்று 1757இலேயே எட்மண்ட் பர்க் என்ற அயர்லாந்துச் சிந்தனையாளர் எழுதியிருக்கிறார். நீங்கள் இருவரும் ஒரே படத்தைப் பார்த்தீர்கள். ஆனால் அவருக்கு இருந்த தொலைவு உங்களுக்கு இருக்கவில்லை. இதை உங்கள் வீட்டில் சிரிப்பவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஒருவரை வற்புறுத்தி உட்காரவைத்துவிட்டு, அதன் விளைவைச் சொல்லி இரண்டு வருடம் சிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஒன்றரை மாதமும் அதிசயமானதல்ல. 1999இல் கிறிஸ்டன் ஹாரிசன், ஜோஆன் கேன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் சுமார் 150 அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், சிறுவயதில் திரையில் பார்த்த ஏதாவது ஒன்று நீண்ட நாள் பயமுறுத்தியதா என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் ஆம் என்றார்கள். ஏறக்குறைய கால் பங்கினருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. மனம் ‘இது பொய்’ என்று தெளிந்த பிறகும் உடல் தான் கற்றதை மறப்பதில்லை. சிலரிடம் ஒரு காட்சி படத்தோடு முடிந்துவிடுகிறது. சிலரிடம் அது வீட்டுக்குள் வந்து, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், கதவின் தாழ்ப்பாளில், துணி காயும் கொடியில் தங்கிவிடுகிறது. பார்த்ததை அவ்வளவு நுணுக்கமாக மனத்தில் வைத்துக்கொள்ளும் ஆற்றலைக் குறையென்று எண்ண என்னால் முடியாது.

ஏறக்குறைய பயமே இல்லாத ஒருவர் எப்படி இருப்பார் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆய்வுலகில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு, அரிய நோய் ஒன்றால், மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி இருபுறமும் அழிந்துவிட்டது. அவரைக் கென்டக்கியில் உள்ள ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் அமைத்திருந்த பேய் வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். அவர் முன்னால் நடந்து மற்றவர்களை வழிநடத்தினார். பேய் வேடமிட்டவரின் தலையைத் தொட்டுப் பார்க்கப் போய், அந்த நடிகரைத்தான் பயமுறுத்தினார். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதே பெண் தன் வாழ்க்கையில் கத்திமுனையிலும் துப்பாக்கிமுனையிலும் மிரட்டப்பட்டிருக்கிறார். ஆபத்தை முன்கூட்டி உணர்ந்து விலகும் ஆற்றல் அவரிடம் இல்லாததே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்களைக் கொல்லைப்புறக் கதவருகே நிறுத்திய அந்த உணர்வு அவருக்குக் கிடைக்காத ஒரு காவல்.

எதற்குப் பயப்படுகிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும் ஒருபுறம். புலியும் பாம்பும், வழிப்பறிக்காரனும், தண்டிக்கும் அரசனும் மறுபுறம். இன்றைய படங்களையும் இந்த நான்கில் அடக்கிவிடலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் வியக்கிறேன். இவற்றில் எது விளையாட்டு, எது வாழ்க்கை என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடுகிறது. பேயைப் பார்த்துச் சிரிக்கும் என் நண்பர் ஒருவர், குழந்தை கடத்தப்படும் காட்சி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். உங்கள் கணவரும் கொழுந்தனாரும் எந்தக் காட்சியில் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள்.

பேயை வைத்து மகிழ்வதும் நமக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைப்பதற்கு முன் யானைக் கொம்பால் பல் துலக்குகின்றன, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. முதுகு சில்லிட்டுக்கொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிடுகிறது. அச்சத்தை நகையோடு கலந்து பரிமாறினால் பலரால் உண்ண முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பேய்ப்படங்களில் நகைச்சுவை இத்தனை இடம் பிடித்திருப்பதும் அந்தக் கைப்பக்குவத்தின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது. தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குப் பார்க்கும் படம் வேறு. பகலில், பத்துப் பேர் நடுவில், முறுக்கு கடித்துக்கொண்டு பார்க்கும் அதே படம் வேறு.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவள் பேய்ப்படத்தை விரும்புவதால் அவளுக்கு ஏதோ கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை. கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு கதை கேட்ட நாங்கள் தேடியதைத்தான் அவளும் தேடுகிறாள்: பயத்தைப் பாதுகாப்பான இடத்திலிருந்து தொட்டுப் பார்ப்பது, தன்னால் அதைத் தாங்க முடிகிறது என்று அறிவது. ஆனால் பெரியவர்களுக்கென்று சான்று பெற்ற படங்கள் இப்போது வேண்டாம். ரத்தமும் சித்திரவதையும் மிகுந்த படங்களைப் பேய்க்கதையோடு சேர்த்து எண்ணக் கூடாது. வீட்டில் ஓடிடியில் எல்லாம் ஒரே வரிசையில் கிடைப்பதால் அந்த வேறுபாட்டை நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதியில் எழுந்து போவதற்கு அவளுக்கு முழு உரிமை இருக்க வேண்டும், எழுந்து போனால் யாரும் சிரிக்கக் கூடாது. இந்த விதியை உங்கள் வீட்டில் யாரைவிடவும் நீங்கள் சொன்னால்தான் அதற்கு மதிப்பு இருக்கும். நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்த அறையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும்.

படம் பார்த்த இரவில், உங்களை எழுப்பாமல் அவள் தனியாகக் கொல்லைப்புறம் போய்வருகிறாளா என்று கவனியுங்கள். போய்வந்தால் அந்தப் படம் அவள் அளவுக்குள் இருந்தது என்று பொருள். எழுப்பினால் ஒன்றும் கேட்காமல் கூடப் போங்கள். ஒன்றரை மாதம் அவள் உங்களோடு அப்படித்தான் வந்திருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்